பாப்பாவுக்கு, நீ அனுப்புன படம் பத்தி

பாப்பா,

மூணு வாரமா போன் எடுக்கல, முந்தாநேத்து ஒரு படம் மட்டும் அனுப்பிருக்க, கீழ ஒரு வார்த்தை இல்ல. லண்டன் நேஷனல் கேலரில இருக்குற படமாம், போட்டிசெல்லின்னு ஒரு இத்தாலி ஓவியர் வரைஞ்சது, பேரு வீனஸும் மார்ஸும், சுமார் 1485லயாம், தம்பிதான் தேடிச் சொன்னான். உங்கம்மா பாத்துட்டு யாருங்க இவன் சட்டை கூட இல்லாம வாயப் பொளந்து தூங்குறான்னா. போர்க்கடவுளாம்னேன், நம்பல.

சாப்பிடுறியா? குளிராமே, ஸ்வெட்டர் போடு.

ரெண்டு நாளா அதைத்தான் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்குறேன். ஆட்டுக்கால் குட்டிப் பயலுக அவன் ஈட்டியத் தூக்கிட்டுப் போறானுக, ஒருத்தன் காதுகிட்டயே சங்கு ஊதுறான், அசையல, செவிடன் காதுல ஊதுன சங்குதான். கீழ ஓரத்துல ஒரு பய கைல ஒரு காய், அது ஊமத்தங்காய்னு 2010ல ஒருத்தர் சொல்லப்போக பெரிய பேச்சாச்சாம், எல்லாரும் ஒத்துக்கல. நம்ம கொல்லைல முளைக்குமே, அது. ஆசைக் களைப்புல தூங்குறான்னுதான் ரொம்பப் பேர் சொல்றாங்களாம், மகளுக்கு அப்பன் எழுதுற விஷயமா இது. ஆனா ஊமத்தையோ ஒயினோ, அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும் பாப்பா.

இது கல்யாணத்துக்குன்னு செஞ்ச படமா இருக்கும்கிறாங்க, படுக்கையறை பெஞ்சுலயோ பெட்டிலயோ பதிச்சிருப்பாங்களாம். கல்யாண வீட்டுக்கு இதையா வரையணும்? அந்தப் பொண்ணு வீனஸ், காதல் தேவதையாம், அது மட்டும் முழு உடுப்போட உக்காந்து முழிச்சிருக்கு. அவனைப் பாக்குதுன்னு எழுதிருக்காங்க, எனக்கென்னவோ அவனைத் தாண்டிப் பாக்குற மாதிரிதான் இருக்கு.

மாப்பிள்ளை நல்லவர்தான், நான் பாத்து முடிச்சது. தீபாவளிக்கு வீடியோ கால்ல பேச்சு கொஞ்சம் இழுத்துச்சு, நைட் ஷிப்ட் களைப்புன்னு நெனச்சுக்கிட்டேன். ஸ்வெட்டர் போடு. நம்ம தெருவுல லண்டன்ல வேலை பாக்குற பொண்ணு நீ ஒருத்திதான், அதுக்காக பெத்தவங்களுக்குப் பேச நேரமில்லன்னு ஆயிடுமா?

உனக்கு வலிப்பு வந்த ராத்திரி உங்கம்மா என்னை எழுப்பி எழுப்பிப் பாத்துட்டு ஒத்தையா உன்னைத் தூக்கிட்டு ஓடுனா. நான் காலைல எந்திரிச்சு காப்பி எங்கடின்னு காலி வீட்டுல கத்துனேன். உனக்கு ஆறு வயசு. உனக்கு எது வரைக்கும் தெரியும்னு இத்தனை வருஷம் கேக்க தைரியம் வரல. குடிய விட்டப்புறமும் கேக்கல.

அதான் இப்ப கேக்குறேன், இந்தப் படத்துல தூங்குறது நானா, இல்ல அங்க வேற யாருமா? மாப்பிள்ளைகிட்ட இதைக் காட்டாத. ராத்திரி எந்நேரம்னாலும் கூப்பிடு, நான் முழிச்சுதான் இருக்கேன்.

அப்பா