ஏரியில் நீர்ச்சறுக்குப் பாதையை நிலையாக அமைக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
தேசிய நீர்ச்சறுக்கு வீராங்கனை (ஸ்லாலம் பிரிவு)

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
விளையாட்டுத் துறை

பொருள்: ஏரியில் ஸ்லாலம் மிதவைகளை நிலையாக வைத்திருக்கவும், காலைப் பயிற்சி நேரம் ஒதுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதினான்கு வயதில் நீர்ச்சறுக்குப் பலகையில் ஏறிய நான், விசைப்படகு கயிற்றால் இழுத்துச் செல்ல, மிதவைகளை வளைந்து சுற்றிச் செல்லும் ஸ்லாலம் போட்டியின் மகளிர் பிரிவில் மூன்று முறை தேசியப் பட்டம் வென்றுள்ளேன். அடுத்த உலகப் போட்டிக்குத் தயாராகும் இவ்வேளையில் என் கோரிக்கை ஒன்றைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

ஸ்லாலம் பாதையின் நீளம் 259 மீட்டர். மகளிருக்கான உச்ச வேகமான மணிக்கு 55 கிலோமீட்டரில் படகு அதைக் கடக்க ஏறத்தாழ 17 விநாடிகளே ஆகும். அதற்குள் ஆறு மிதவைகளை இருபுறமும் மாறி மாறிச் சுற்றியாக வேண்டும். 18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு, பாதையை வெற்றிகரமாகக் கடக்கும் ஒவ்வொரு முறைக்குப் பிறகும் படிப்படியாகக் குறைக்கப்படும். அது 11.25 மீட்டருக்கு வந்துவிட்டால், பாதையின் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளியிருக்கும் மிதவையைக் கயிறு எட்டாது. மீதித் தூரத்தை, ஒரு கையில் கைப்பிடியைப் பற்றியபடி, தோள் நீரை உரசும் அளவுக்குச் சாய்ந்து, உடலால்தான் எட்ட வேண்டும். மிதவை ஒரு சாண் விலகினாலும் உடல் தவறான கணக்கைப் பழகிவிடும்.

இப்போது எங்களுக்கு அன்றன்றைக்கு மட்டுமே அனுமதி கிடைப்பதால், விடியலில் மிதவைகளைக் கட்டி, பயிற்சி முடிந்ததும் அவிழ்த்து எடுக்கிறோம். கட்டி முடிப்பதற்குள் காற்று எழுந்து நீர் அலையத் தொடங்கிவிடுகிறது. சென்ற ஆண்டு நான்காவது மிதவை உள்வாங்கிக் கிடந்ததை அறியாமல் மூன்று வாரம் பயிற்சி செய்தேன். தேர்வுப் போட்டியில் அதே நான்காவது மிதவையைத்தான் தவறவிட்டேன். அந்த ஆண்டு அத்துடன் முடிந்துபோனது.

இவ்விளையாட்டு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றதோடு சரி, பதக்கப் போட்டியாகவில்லை. 1949 முதல் உலகப் போட்டிகளும், 1981 முதல் ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கான ‘உலக விளையாட்டுகளும்’ இருந்தும், ஒலிம்பிக் வீரர்களுக்கான உதவிகள் எங்களை எட்டுவதில்லை. எனினும் நான் நிதி கேட்டு வரவில்லை. எனக்குத் தேவை அளவு பிசகாத பாதையும் அமைதியான நீரும் மட்டுமே.

எனவே, போட்டிப் பருவம் முழுவதும் மிதவைகள் ஏரியிலேயே இருக்கவும், நாள்தோறும் காலை 6 முதல் 8.30 மணி வரை பயிற்சி செய்யவும் அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். காற்றை வெளியேற்றி முழுப் பாதையையும் நீருக்கடியில் இறக்கிவைக்கும் அமைப்பும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பயிற்சியில்லாத நேரத்தில் மீனவர்களின் படகுகளுக்கும் வலைகளுக்கும் இடையூறு நேராத வகையில் ஆழத்தைத் தீர்மானித்துக்கொள்ளலாம். இதற்கான செலவை நாங்களே ஏற்கிறோம். அளவு வரைபடத்துடன் தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் வந்து விளக்கவும் அணியமாக உள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்)