பட்டாமணியார் வீடும் ஸ்டூவர்ட் குடும்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழின் கேள்வி பதில் பகுதியில், ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயருக்குப் பன்றிப் பட்டியைக் காப்பவர் என்று பொருள் போட்டிருந்தீர்கள். அது தவறு. அந்தப் பெயரின் பழைய ஆங்கில வடிவத்தின் முன்பாதி, பன்றிப் பட்டிக்கான ஆங்கிலச் சொல்லைப் போல இருப்பதால் கிளம்பிய கதை அது. பழைய ஆங்கிலத்தில் வீட்டைக் குறித்த ஒரு சொல்லும் காவலரைக் குறித்த ஒரு சொல்லும் சேர்ந்து பிறந்த பதவிப் பெயர்தான் ஸ்டீவர்ட். பெரிய வீட்டின் வரவு செலவு, சமையல், ஆள் அம்பு எல்லாவற்றையும் கவனித்தவர். நம் தஞ்சாவூர்ப் பக்கம் மிராசுதார் வீடுகளில் காரியக்காரர் என்போமே, அவரேதான். கப்பலில் ஸ்டீவர்ட் வேலைக்குப் போகிறார்களே, அதுவும் இதே சொல்.

இது எப்படிக் குடும்பப் பெயரானது என்பதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் ஒரு பிரபுவின் காரியக்காரர்களாக இருந்த குடும்பத்தின் வழிவந்த வால்டர் என்பவர், 12ஆம் நூற்றாண்டில் மன்னர் முதலாம் டேவிட்டிடம் வந்து சேர்ந்து ஸ்காட்லாந்து அரண்மனைக்கே தலைமைக் காரியக்காரர் ஆனார். அடுத்து வந்த நான்காம் மால்கம் அந்தப் பதவியைப் பரம்பரை உரிமையாக்கினார். அப்போது வால்டருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, ஆலன் மகன் வால்டர், அவ்வளவுதான். அவர் மகன், வால்டர் மகன் ஆலன். பேரன் மறுபடியும் ஆலன் மகன் வால்டர். நம்மைப் போலவே அப்பா பெயர்தான் அடையாளம், தாத்தா பெயர்தான் பேரனுக்கு. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் அந்த அப்பா பெயருக்குப் பதிலாக, மாறாமல் நின்ற பதவியின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். ஆறாவது காரியக்காரரான இன்னொரு வால்டர் 1315இல் மன்னர் ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரியை மணந்தார். புரூஸின் மகன் வாரிசு இல்லாமல் இறந்துபோக, 1371இல் மார்ஜரியின் மகன் ராபர்ட் அரியணை ஏறினார். 1603இல் அந்த வம்சத்து ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். பிரெஞ்சு எழுத்து வழக்குக்கு ஏற்ப Stewart என்ற எழுத்துக்கூட்டலை Stuart என்று மாற்றிக்கொண்டது, சிறுமியாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட அவருடைய தாய் மேரி. இன்றும் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசருக்கு ஸ்காட்லாந்தின் தலைமைக் காரியக்காரர் என்ற பட்டம் உண்டு. அதற்காக ஸ்டூவர்ட் என்று பெயருள்ள எல்லோரும் ராஜ வம்சம் என்று நினைத்துவிடக் கூடாது, பிரபுக்களிடமும் மடங்களிலும் இருந்த காரியக்காரர்களின் வழியிலும் அந்தப் பெயர் தனித்தனியாக வந்திருக்கிறது.

நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் எங்கள் வீடு. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் வீட்டைப் பட்டாமணியார் வீடு என்றுதான் சொல்வார்கள். 1980இல் அரசு, ஊரில் நிலவரி வசூலித்த அந்தப் பதவியை எடுத்துவிட்டது, கிராமக் கணக்கரான கர்ணமும் போனது, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் தாத்தா வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் கூரியர் பையன் எங்கள் தெருவில் நின்று கேட்பது பட்டாமணியார் வீடு எது என்றுதான், அவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே ஒழிந்துபோன வேலை அது. இது சாதிப் பெயர் இல்லை. சாதிப் பெயரை நம் மக்கள் பெயரிலிருந்து வெட்டியெறிந்தது சரிதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. இது ஒருவர் ஊருக்குச் செய்த வேலையின் பெயர்.

ஆகவே அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். கூடவே ஞாயிறு பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, கணக்கப்பிள்ளை வீடு, தலையாரி வீடு, வாய்க்கால் லஸ்கர் வீடு என்று டெல்டா கிராமங்களில் இன்னும் புழங்கும் பெயர்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். எங்கள் ஊர்ப் பட்டியலை முதலில் நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்