மணல்மேட்டில் ஒரு ஸ்டூடியோக்காரர்

அன்புள்ள சிவராமா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று பதில் எழுதி என்னை ஏமாற்ற வேண்டாம். உன் மகள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆடிக்குப் பிறகு ஸ்டூடியோவின் ஷட்டரைத் தூக்கவே இல்லையாமே? கேமராக்கள் பரணில் கிடக்கின்றனவாம். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

பேரன் ஒரு புகைப்படப் புத்தகம் வாங்கி வந்தான். ஷோஜி உவேடா என்ற ஜப்பானியருடையது. உன் தொழில்காரர்தான். ஜப்பான் கடலோரத்தில் டோட்டோரி மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள சகாய்மினாத்தோ என்ற துறைமுக ஊரில் 1913-ல் பிறந்தவர். அப்பாவுக்கு மரச்செருப்பு வியாபாரம். பையன் டோக்கியோவுக்குப் போய்ச் சில மாதம் தொழில் படித்தான். 1932-ல், பத்தொன்பது வயதில், ஊர் திரும்பி ஸ்டூடியோ திறந்துவிட்டான். அதன்பின் 2000-ல் கண்மூடும் வரை அந்த ஊர்தான். கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே, கடைசிவரை தன்னை அமெச்சூர் என்றே சொல்லிக்கொண்டார். நம் ராஜாமணியோ, முகவரி அட்டையில் ‘கலைஞர்’ என்று அச்சடித்துக்கொண்டு திரிகிறான்.

1939-ல் எடுத்த படம் ஒன்று. நான்கு சிறுமிகள். பின்னால் வெறும் வானம். ஒருவரையொருவர் தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். ஆளுக்கொரு திசையில் பார்வை. நீயாக இருந்தால் “ஒட்டி நில்லும்மா, தாடையை இறக்கு” என்று அதட்டியிருப்பாய். அவர் அந்த இடைவெளியைத்தான் படம் பிடித்திருக்கிறார். பத்து ஆண்டு கழித்துத் தன் குடும்பத்தையே மணலில் வரிசையாக நிறுத்தினார்: கிமோனோவில் மனைவி நோரியே, சைக்கிளில் ஒரு பையன், பொம்மைத் துப்பாக்கியோடு இன்னொருவன், கூடவே தானும். சதுரங்கக் காய்கள் மாதிரி நிற்கிறார்கள். ஆனால் அந்த நிற்றலில் ஒரு வீட்டின் சிரிப்பு கேட்கிறது. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை, நீ பார்த்துச் சொல்.

மாநிலத்தின் கிழக்கே டோட்டோரி மணல்மேடு இருக்கிறது. நீளவாக்கில் பதினாறு கிலோமீட்டர். நீயும் நானும் திரைச்சீலைக்கு அலைந்தோமே, இவருக்கு அடிவானமே திரைச்சீலை. எத்தனை பேரை எங்கே நிறுத்தினாலும் கண் வேறெங்கும் ஓடாது.

இப்படி ஆட்களை நிறுத்தி எடுப்பதற்காக வசவும் வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கென் டோமொன் என்ற புகைப்படக்காரர், பெரிய கை, ஏற்பாடு செய்யாத படமே படம், உள்ளதை உள்ளபடி எடு என்று முழங்கினார். நாடே அந்தப் பக்கம் சாய்ந்தது. வேடிக்கை என்னவென்றால், 1949-ல் அதே டோமொன் அந்த மணல்மேட்டுக்கு வந்து உவேடாவோடு சேர்ந்து படம் எடுத்தவர்! ஆளை நிறுத்தி எடுப்பதெல்லாம் பழசாகிவிட்டது என்று ஆன காலத்தில், இவர் தன் பகுதியின் பிள்ளைகளையும் பருவங்களையும் எடுத்துக்கொண்டே இருந்தார். 1971-ல்தான் அவை ‘வராபெகோயோமி’ என்ற புத்தகமாயின. எனக்கு டோமொன் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த வழக்கில் நான் உவேடா கட்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1983-ல் நோரியே இறந்துபோனார். கிட்டத்தட்ட ஐம்பது வருடத் தாம்பத்தியம். கிழவருக்குக் கேமராவைத் தொட மனம் வரவில்லை. விளம்பரத் துறையில் இருந்த மகன் மிட்சுரு சும்மா இருக்கவில்லை. துணிமணிக்கான விளம்பரப் படங்கள் எடுக்கும் வேலையை அவர் கையில் திணித்தான். எழுபது வயதில், அதுவரை செய்தறியாத வேலை! சூட் அணிந்த ஆண்களையும் குடைகளையும் தொப்பிகளையும் கூட்டிக்கொண்டு அதே மணல்மேட்டுக்குப் போனார். அந்தப் படங்களைப் பார். இளைஞன் ஒருவன் எடுத்தவை என்றே சொல்வாய்.

நான் உபதேசம் செய்கிறேன் என்று கோபிக்காதே. மீனாட்சி இல்லாத வீட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை நான் தெரிந்ததாகச் சொல்லவே மாட்டேன். ஆனால் உன் மகள் வரும் மாதம் பிள்ளையோடு வரப்போகிறாள். அந்தக் குழந்தைக்கு மொட்டை அடிக்கும்போது ஒரு படம்கூட நீ எடுக்கவில்லையென்றால், அவளே கைப்பேசியில் எடுத்து எனக்கு அனுப்புவாள். நான் வெளிச்சம் சரியில்லை, தலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று உனக்குத் தினமும் எழுதித் தொல்லை கொடுப்பேன்.

புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பேரனுடையது, பக்கத்தை மடிக்காதே. ராஜாமணி கேட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
வேலாயுதம்