விரலாகத் தெரிவதெல்லாம் வாயு அல்ல

ஆசிரியருக்கு,

விண்மீன் வெடிப்பின் கணினி மாதிரிகள் பற்றிய கட்டுரை படித்தோம். வெடிப்பின் ஆற்றலைப் பத்தி பத்தியாக விவரித்தவர், விண்மீனைச் சுற்றி முன்பே என்ன கிடந்தது என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டார். மாதிரி தேறுவதும் கவிழ்வதும் அதில்தான்.

சிவப்புப் பெருவிண்மீனின் காற்று, அதாவது அது உதிர்க்கும் வாயு, நொடிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில் வெளியேறும். சிதறும் பொருளோ 10,000 கி.மீ. வேகத்தில் பாயும். ஆயிரம் ஆண்டுகளில் விண்மீன் உதிர்த்ததை ஓராண்டில் வாரிச் சுருட்டிவிடும். காற்று சீராக வீசியிருந்தால் அடர்த்தி தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். பலர் இதை மட்டும் எழுதிவிட்டு மாதிரியை ஓடவிடுகிறார்கள். 1987-இல் வெடித்துத் தெரிந்த விண்மீனான 1987ஏ-யைச் சுற்றியிருந்த வாயு வளையம், வெடிப்புக்குச் சுமார் 20,000 ஆண்டுகள் முன்பே உமிழப்பட்டது. அதிர்ச்சி அலை அதில் மோதி ஒளிப்புள்ளிகள் தோன்றியது 1990-களின் நடுவில். சீரான காற்றை வைத்துக் கணக்கிட்டால் அந்தப் புள்ளிகள் ஒருநாளும் வராது.

அடுத்து, கட்டுரையின் படத்தில் இருந்த 'விரல்கள்'. முன்னே ஓடும் அதிர்ச்சி அலைக்கும் பின்னே திரும்பும் அலைக்கும் நடுவே, அடர்ந்த பொருளை லேசான வாயு தடுத்து நிறுத்துகிறது. அந்த எல்லை குலைந்து விரல் விரலாக நீள்வது ரேலே-டெய்லர் நிலையின்மை. இது நிஜம். ஆனால் விரல்கள், கணினி வெளியைக் கூறுபோடும் சிறு கட்டங்களின் அச்சிலோ மூலைவிட்டத்திலோ வரிசை கட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்: அது கணக்குமுறையின் பிழை, வாயுவின் வேலையல்ல. தொடக்க அடர்த்தியில் ஒரு சதவீத அளவுக்குத் தாறுமாறான ஏற்ற இறக்கம் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் கட்டங்களை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்ட வேண்டும். முப்பரிமாணத்தில் செலவு 16 மடங்காகும்: கட்டங்கள் 8 மடங்கு, காலப்படிகள் (கணக்கு முன்னேறும் சிறு நேர அடிகள்) 2 மடங்கு. அதனால்தான் பலர் தவிர்க்கிறார்கள்.

இன்னொரு கோளாறு, குளிர்ந்து பாயும் பொருளில் இயக்க ஆற்றல்தான் கிட்டத்தட்ட எல்லாமே. மொத்தத்திலிருந்து அதைக் கழித்து வெப்ப ஆற்றலைத் தேடினால், இரண்டு பெரிய எண்களின் நுண்ணிய வித்தியாசம் பிழையில் கரைந்துபோகும். அழுத்தம் எதிர்மறையாகி நிரல் நின்றுவிடும். சிலர் அங்கே கைக்கு வந்த குறைந்தபட்ச அழுத்தத்தைப் போட்டு ஒட்டுப்போடுகிறார்கள். இந்த வெப்ப ஆற்றலுக்குத் தனிச் சமன்பாட்டைக் கூடவே ஓட்டுவதுதான் முறை. வெப்பம் ஒளியாக வெளியேறும் நேரம் காலப்படியைவிடக் குறைந்தாலும் இதே கதிதான். குளிர்தலைச் சிறு படிகளாக உடைத்துக் கணக்கிட வேண்டும்.

இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது கட்டங்களின் எண்ணிக்கையையும் தொடக்க அடர்த்தியையும் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள்.

– வாசகர்கள் சிலர்