பயணக் காப்புறுதி பனிச்சறுக்குக்குச் செல்லுமா, செல்லாதா? முதற்பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்

இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

டிசெம்பர் விடுமுறை நெருங்கினால் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள பயண முகவர் நிலையங்களில் இருக்க இடம் கிடைக்காது. சூரிச்சில் அண்ணன், ஒஸ்லோவில் அக்கா, பாரிசில் சித்தப்பா என்று குடும்பம் குடும்பமாக, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். கோப்பில் வைக்கவேண்டிய பயணக் காப்புறுதியும் அதே மேசையிலேயே கிடைத்துவிடும். கடவுச்சீட்டைக் கொடுத்து, போகும் திகதியையும் வரும் திகதியையும் சொன்னால் சற்று நேரத்தில் அச்சடித்த தாள் கைக்கு வந்துவிடும். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாததால் குடும்பங்களுக்கு வரும் நட்டத்தைப் பற்றியே உங்களுக்கு எழுதுகிறேன்.

ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். அவசர சிகிச்சை, வைத்தியசாலைச் செலவு, நோயாளியையோ உடலையோ நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு என்பவை அதில் அடங்கவேண்டும். நம் காசில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். வீசா அதிகாரி தொகையைப் பார்ப்பார், திகதியைப் பார்ப்பார், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் செல்லுமா என்று பார்ப்பார். பனிச்சறுக்கு அதில் சேர்ந்திருக்கிறதா என்று தேடுவது அவருடைய வேலையல்ல. வீசா குத்திவிட்டார்கள், ஆகவே காப்புறுதியும் சரியாகத்தான் இருக்கும் என்று நம் சனம் நம்பிவிடுகிறது.

இதை எழுதும்போது என் மேசையில் அப்படியொரு பத்திரம் கிடக்கிறது. முதற்பக்கத்தில் தடித்த எழுத்தில் 30,000 யூரோ, கீழே நிறுவனத்தின் நீல முத்திரை. பின்பக்கங்களில் எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் நிபந்தனைகள். அங்கே, எவற்றுக்கெல்லாம் பணம் தரப்படமாட்டாது என்று சொல்லும் பகுதியில், மலையேற்றத்துக்கும் பரசூட்டுக்கும் சுழியோட்டத்துக்கும் நடுவில் குளிர்கால விளையாட்டுகளும் இருக்கின்றன. மேலதிகக் கட்டணம் செலுத்தினால் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதே வரியில் எழுதியிருக்கிறது. அப்படி ஒரு கட்டணம் உண்டென்று விற்றவர் வாய் திறக்கவில்லை.

பத்திரம் என் தங்கையின் மகளுடையது. சுவிசில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனவள், அங்குள்ள பிள்ளைகளோடு பனிமலைக்குப் போயிருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவில்தான் விழுந்தாள். சறுக்குப் பலகை ஒரு பக்கம் திரும்ப, உடம்பு மறுபக்கம் போக, முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிந்துவிட்டது. பனிச்சறுக்கில் இது மிகச் சாதாரணமாக நடக்கும் காயம். "இஞ்ச எங்களுக்கு கிராங்கன்காசா இருக்குத்தானே, பயப்படாதேங்கோ" என்று உறவினர் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அந்த மருத்துவக் காப்புறுதி அங்கே பதிந்து வாழ்பவர்களுக்கானது, விருந்துக்குப் போனவருக்கு ஒரு பிராங்க்கும் தராது. கொழும்பில் தங்கை போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: "நீங்க ஸ்கீ எண்டு சொல்லேல்லையே அம்மா." யார் கேட்டார்கள், சொல்வதற்கு?

மலையில் செலவு வைத்தியசாலை வாசலில் தொடங்குவதில்லை. விழுந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. சறுக்குத்தடத்தில் காயப்பட்டவரை மீட்புப் பணியாளர்கள் சறுக்குவண்டியில் கட்டிக் கீழே இறக்குவார்கள். சுவிசில் அதற்கே சில நூறு பிராங்க் பில் வரும். ஹெலிகொப்டர் வந்தால் அது ஆயிரங்களுக்குப் போகும். ஒரு பிராங்க் முந்நூறு ரூபாயைத் தாண்டியிருக்கும் காலத்தில், மாதச் சம்பளக்காரர் அதை எங்கே போய்ப் புரட்டுவார்? 1952 முதல் இயங்கும் ரேகா என்ற வான்மீட்பு அமைப்பு அங்கே இருக்கிறது. 1414 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருவார்கள். ஆண்டுச் சந்தா செலுத்தி அதன் ஆதரவாளராக இருப்பவர்களுக்கு, காப்புறுதி தராத மீட்புச் செலவை ரேகா விட்டுக்கொடுக்கலாம். அது நல்லெண்ணத்தின் பேரில் கிடைப்பது, காப்புறுதியாகாது. பிரான்சில் சறுக்குத்தடச் சீட்டோடு சேர்த்து ஒரு நாளைக்குச் சில யூரோவுக்கு மீட்புக் காப்புறுதி விற்கிறார்கள். மீட்புச் செலவு அடங்கியிருக்கிறதா என்பதையே பத்திரத்தில் முதலில் தேடவேண்டும். பலருடைய பத்திரத்தில் "மருத்துவச் செலவு" என்று மட்டும் இருக்கும். மலையிலிருந்து இறக்கும் கூலி அதற்குள் வருமா வராதா என்பது பிறகு பெரிய வழக்காகிவிடும்.

கடும் காயம் என்றால் 30,000 யூரோவும் போதாது. தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவரை மருத்துவ விமானத்தில் கொழும்புக்குக் கொண்டுவருவதானால், அந்த விமானச் செலவே அத்தொகையை விழுங்கிவிடும். வீசாவுக்கான ஆகக்குறைந்த தொகை, மலைக்குப் போகிறவருக்கு உரிய தொகை ஆகாது.

அடுத்தது எல்லை. மேலதிகக் கட்டணம் கட்டி பனிச்சறுக்கைச் சேர்த்துக்கொண்ட பின்னும், தடத்துக்கு வெளியே சறுக்கினால் பல பத்திரங்கள் செல்லாது. சிலவற்றில் வழிகாட்டியோடு போனால் மட்டும் செல்லும். கார்ப்பந்தய வீரர் மைக்கல் ஷூமாக்கர் 2013 டிசெம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல்லில் விழுந்து பாறையில் தலை மோதியது, அடையாளமிட்ட தடத்துக்குச் சில மீற்றர் வெளியேதான். தலைக்கவசமும் போட்டிருந்தார். அவ்வளவு சிறிய தூரம் அது. சுவிசில் நீலம், சிவப்பு, கறுப்பு அடையாளங்கள் தடத்தின் கடினத்தைக் காட்டும். மஞ்சள் அடையாளம் வேறு வகை: பனிச்சரிவு ஆபத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட பாதைதான், ஆனால் சீரமைக்கப்படுவதில்லை, கண்காணிப்பும் இல்லை. மஞ்சள் பாதையில் விழுந்தால் அது தடத்துக்கு உள்ளேயா வெளியேயா? கொழும்பில் விற்கும் பத்திரம் இதற்கு விடை சொல்லவேண்டும். முதல்முறை பனியைப் பார்க்கும் நம் பிள்ளை அந்த வித்தியாசத்தை மலையில் நின்று கண்டுபிடிக்கமாட்டாள்.

மற்றவர்மேல் மோதினாலோ? சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதிகளின்படி, மேலிருந்து வருபவரே கீழே இருப்பவருக்கு ஆபத்தில்லாமல் பாதையைத் தெரிவு செய்யவேண்டும். ஆகவே புதிதாகப் பழகுபவர் வேகம் பிடிபடாமல் ஒருவரை இடித்தால் பொறுப்பு இடித்தவர் தலையில். இடிபட்டவருடைய சிகிச்சைச் செலவு, வேலை இழப்பு எல்லாம் கேட்டு வழக்கு வரலாம். இத்தாலி 2022 ஜனவரி முதல் மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் தடத்தில் சறுக்குவதையே தடைசெய்திருக்கிறது. அகப்பட்டால் 100 முதல் 150 யூரோ வரை தண்டம், சீட்டும் பறிபோகும். நம்மூரில் காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் கொழும்பின் காலி வீதியில் இறங்க யாரும் துணிவதில்லை. சறுக்குப் பலகைக்கும் அப்படியொன்று வேண்டும் என்று விமானம் ஏறும் வரை ஒருவரும் நமக்குச் சொல்வதில்லை.

ஐரோப்பா மட்டுமல்ல. காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அங்கே கேபிள் கார் ஏறத்தாழ 3,980 மீற்றர் உயரத்தில் கொண்டுபோய் விடும். நம்முடைய மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர்தான். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்று சில பத்திரங்களில் நிபந்தனை உண்டு.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். தேவையில்லாததைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. சொந்தப் பலகை, சொந்தக் காலணி தொலைந்தால் நட்டஈடு என்பது வாடகைக்கு எடுத்துச் சறுக்கும் கொழும்புக்காரருக்கு எதற்கு? அந்தக் காசை மீட்புக்கும் மூன்றாம் தரப்புக்கும் போட்டால் பிரயோசனம். அதேபோல் வைத்தியசாலையில் சேர்க்குமுன் எந்த இலக்கத்துக்கு அழைக்கவேண்டும், மது அருந்தியிருந்தால் என்னாகும், ஊருக்கு வந்தபின் செய்யும் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பணம் உண்டா என்பவற்றை வாங்குபவருக்கு வாயாலேயே சொல்லலாம். என் மருமகளைப் போன்றவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் மிகப் பெரிய செலவு. அவசர சிகிச்சைக்கு மட்டும் பணம் தரும் பத்திரம், பயணி விமானம் ஏறும் நிலைக்கு வந்ததும் கையைக் கழுவிவிடும்.

ஆணைக்குழு 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, காப்புறுதி எடுத்தவர்களின் நலனைக் காப்பதற்காக. அந்தப் பொறுப்பை நம்பித்தான் கேட்கிறேன். பயணக் காப்புறுதி விற்கும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தொகை எழுதப்படும் அதே முதற்பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பனிச்சறுக்கும் பனிவண்டியும் உண்டா இல்லையா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். உண்டென்றால் மலைமீட்பு, மூன்றாம் தரப்பு, தடத்துக்கு வெளியே, உயர எல்லை ஆகிய நான்கையும் அதன்கீழ் எழுதட்டும். விண்ணப்பப் படிவத்தில் "பனியில் விளையாடுவீர்களா?" என்ற கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். அதைக் கேட்காமல் விற்ற பத்திரத்தில், குளிர்கால விளையாட்டு என்ற காரணத்தைக் காட்டி நட்டஈட்டை மறுக்க இடம்கொடுக்காதீர்கள். காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அது காசு கட்டி, கடன்பட்டு, கால் வீங்கிய பின் போகும் வழி.

முகவர்கள் எங்களுக்கு வேண்டாதவர்களல்லர். மாலை ஏழு மணிவரை இருந்து வீசாப் படிவம் நிரப்பித் தருபவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வையுங்கள், பனிமலையில் சறுக்கும் ஒருவருக்கு என்னென்ன நேரலாம் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

டிசெம்பர் விடுமுறைக்கான வீசா விண்ணப்பங்கள் செப்டெம்பரிலேயே தொடங்கிவிடும். சுற்றறிக்கை ஆகஸ்டில் வெளிவந்தால் இந்த ஆண்டு போகிறவர்களுக்கே உதவும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவர்
கொழும்பு 6