வண்டிப்பாளையத்துத் தெருவுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். ஏப்ரல் இரண்டாம் வாரம் கோயம்புத்தூரிலிருந்து உங்கள் தெருவுக்குக் குடிவந்தோம். இப்போது ஆடி பிறந்துவிட்டது. இந்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்ததற்கெல்லாம் நேரில் நன்றி சொல்லிப் பார்த்தேன். "இதுக்குப் போயா" என்று ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் ராத்திரியை என்னால் மறக்க முடியாது. காலையில் வர வேண்டிய லாரி இரவு பதினொன்றரைக்கு வந்து நின்றது. கூட வந்தது இரண்டே ஆள். மாடி ஏற்றத் தனியாகக் கூலி பேசவில்லை என்று சொல்லி, பீரோ, கட்டில், பிரிட்ஜ் எல்லாவற்றையும் தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் அழுதார்கள். என் மாமியார் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், பின்னாலேயே அவருடைய இரண்டு மகன்கள். மூலை வீட்டு ஆட்டோ அண்ணன் கயிறு எடுத்துவந்தார். நாங்கள் யார், எந்த ஊர் என்றுகூட அப்போது யாரும் கேட்கவில்லை. இரண்டு மணிக்குள் எல்லாம் மேலே ஏறிவிட்டது. அக்கா ஒரு தூக்கு நிறைய மோர் கரைத்துக் கொடுத்தார். அந்தத் தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அக்கா. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். தண்ணீரை ருசி பார்த்து வாங்க வேண்டிய நிலை எங்களுக்கு வந்ததில்லை. இங்கே வந்த மறுநாள் எட்டு விசில் விட்டும் துவரம்பருப்பு வேகவில்லை. பருப்பு பழசு என்று நினைத்துப் பாக்கெட்டைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கோபப்படவில்லை. "பருப்புல ஒண்ணுமில்லம்மா, போர் தண்ணி உப்பு. கொழாத் தண்ணியில வேகவைங்க" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குழாயில் எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதியும் தந்தார். அந்தத் தாள் எங்கள் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நாங்கள் டிரம் வாங்கும்வரை பக்கத்து வீட்டு அம்மா தன் குடங்களோடு எங்கள் குடத்தையும் வரிசையில் வைத்துவிடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அப்புறம் காற்று. மாடி வீட்டில் பகல் முழுவதும் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாதான் கீழே நின்று கூப்பிட்டார். "அம்மாடி, மேற்கு ஜன்னலைச் சாத்து. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து வரும், அப்ப கிழக்கால தொற. மேல்காத்து பலமா அடிச்சா அன்னைக்கு அது வரத் தாமதம் ஆவும்." அக்னி நட்சத்திரத்து நாட்களில் அவர் சொன்னது அப்படியே நடந்தது. மேற்கிலிருந்து அனல் வீசிய நாளில் நான்கு மணிவரை கடல்காற்றுக்குக் காத்திருந்தோம். அது வந்ததும் வீடே மாறிவிடும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடிக்கச் சொன்னதும் தாத்தாதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எந்தப் பக்கமிருந்து அடித்தது, யார் வீட்டுக் கூரை எங்கே போய் விழுந்தது என்று இந்தத் தெருவை வீடு வீடாகக் காட்டினார். எங்கள் மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாளை ஐப்பசிக்கு முன்னால் மாற்றியாக வேண்டும் என்றார். மாற்றிவிட்டோம் தாத்தா.

நாங்கள் வந்த நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதே எங்களுக்கு இங்கே வந்துதான் தெரியும். தினமும் கூடையோடு வரும் மீன்கார அம்மா அந்த நாட்களில் சின்னப் படகுகளில் கிடைத்த நெத்திலியும் காரப்பொடியும்தான் கொண்டுவந்தார். அவருக்கே வருமானம் குறைந்திருந்த சமயம் அது. எனக்கு மீன் பார்க்கத் தெரியாது என்பது முதல் நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. தெரியாதவளிடம் எதை வேண்டுமானாலும் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் என்னைப் படியில் உட்காரவைத்து, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினார், கண் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார், விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஒரு நாள் என் கையிலிருந்த மீனை வாங்கித் திரும்பக் கூடையில் போட்டு, "இது வேணாம் பொண்ணு, நேத்தியது" என்றார். தன் வியாபாரத்தை விட்டுவிட்டு இப்படிச் சொன்ன ஒருவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

என் மகனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்து இரவில் தூங்காமல் கிடந்தபோது, நுங்கு வாங்கிவந்து அந்தத் தண்ணீரைத் தடவிவிட்ட பாட்டிக்கு நன்றி. பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தில் பாதியை, கையில் எண்ணெய் தடவி அரியவும் சொல்லிக்கொடுத்துக் கொடுத்த கீழ்வீட்டு அக்காவுக்கு நன்றி. டிரான்ஸ்பார்மர் போன இரவில் தெருவே மொட்டைமாடியில் படுத்தபோது எங்களுக்கும் பாய் விரித்தவர்களுக்கு, நள்ளிரவு தாண்டியும் கம்பத்தில் ஏறி வேலை பார்த்த மின்வாரிய அண்ணனுக்கு, தேவனாம்பட்டினத்தில் என் மகள் முகத்துவாரத்துப் பக்கம் இறங்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்துவந்த, முகம்கூடச் சரியாகப் பார்க்காத அந்த மீனவத் தம்பிக்கு நன்றி.

இனி என் மாமியாரைப் பற்றி. சிங்காநல்லூர் வீட்டை விட்டு வர அவருக்கு மனமே இல்லை. மாமா இருந்த வீடு அது. இங்கே வந்து இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது. ஓய்வு பெற்ற டீச்சரம்மாவிடம் ஒரு நாள் குழாயடியில் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் படியேறி வந்து, "வாங்கம்மா, ஒரு எட்டு நடந்துட்டு வரலாம்" என்று அத்தையைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். போன இடம் கரையேறவிட்டகுப்பம். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், அந்தக் கல் மிதந்து அவர் கரையேறிய இடம் இது என்று அங்கே நின்று சொல்லியிருக்கிறார். அத்தை திரும்பி வந்து அடுக்களை வாசலில் நின்றார். "கண்ணு, அந்தக் கல்லு இங்கதான் வந்து ஒதுங்குச்சாமா" என்றார். பிறகு காபி கேட்டார். இரண்டு வாரத்தில் அவராக வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அந்தக் காபிதான்.

அதற்குப் பிறகு திங்கள்கிழமைதோறும் இருவரும் பாடலீசுவரர் கோயிலுக்குப் போகிறார்கள். வைகாசித் தேருக்கும் டீச்சரம்மாதான் அழைத்துப் போனார். மாமா போனபின் எந்தத் திருவிழாவுக்கும் போகாமல் இருந்தவர் அன்று வடத்தைத் தொட்டு இழுத்துவிட்டு வந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். டீச்சரம்மா, நீங்கள் அத்தையை மட்டும் அல்ல, என்னையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் தேற்றினீர்கள். இதை உங்கள் முன்னால் நின்று சொல்ல வரவில்லை. அதனால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

மோர்த் தூக்கோடு சேர்த்து, உங்கள் வீடுகளிலிருந்து வந்த பாத்திரங்கள் ஏழு இப்போது எங்கள் அலமாரியில் இருக்கின்றன. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று அத்தை வைத்திருக்கிறார். ஆடிப்பதினெட்டு அன்று மதியம் எங்கள் மொட்டைமாடியில் பந்தல் போடுகிறோம். எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் அத்தை கையால். எல்லோரும் வர வேண்டும், மீன்கார அம்மாவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலே வர வேண்டும். குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்துவைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாடி வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர்கள்
வண்டிப்பாளையம், கடலூர்