கதிரையை விட்டு எழும்பு, மச்சான்

அன்பு மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். மழை இந்த முறை பிந்தித்தான் தொடங்கியது, ஆனாலும் படுவான்கரைப் பக்கம் விதைப்பு முடிந்துவிட்டது. சின்னவளுக்குக் கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. மற்ற ஊர்ப்புதினங்களைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும்.

போன கிழமை தங்கச்சி போன் எடுத்தாள். நீ பக்கத்து அறையில் படுத்திருந்ததால் மெதுவாகத்தான் கதைத்தாள். உனக்கு இருப்பது சீஓபீடி என்ற, மூச்சுக்குழாய் சுருங்கும் நாட்பட்ட சுவாசப்பை நோய்தான் என்று டொக்டர்மார் முடிவாகச் சொல்லிவிட்டார்கள், நீ மாடிப்படி ஏறுவதில்லை, கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டாயிற்று, கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது என்றெல்லாம் சொன்னாள். கேட்க மனம் சரியில்லாமல் போனது. ஆனால் கடைசியாக அவள் சொன்னதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குக் கடிதம் வந்ததாம். கிழமைக்கு இரண்டு நாள், எட்டுக் கிழமை, ஒரு காசும் கட்டத் தேவையில்லை. நீயோ, "மூச்சு விடவே ஏலாதவனை உடற்பயிற்சி செய்யச் சொல்றாங்கள்" என்று சொல்லிக் கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டாயாம்.

டேய், அந்தக் கடிதம் எவ்வளவு பெறுமதியானது என்று உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் பழுகாமத்து அக்காவை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

அக்காவுக்கும் உன்னுடைய அதே வருத்தம்தான். அவர் வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. விறகடுப்புத்தான் காரணம். எங்கள் பழைய குசினி உனக்கு ஞாபகம் இருக்கும், புகைக்கூடு கிடையாது, ஒரு சின்ன யன்னல் மட்டும். மாரி காலத்தில் ஈர விறகோடும் தென்னம்பாளையோடும் மல்லுக்கட்டி ஊதாங்குழலால் ஊதி ஊதித்தான் அவர் எங்கள் எல்லோருக்கும் சமைத்தார். நீ வந்த நேரங்களில் உனக்கும்தான். நெல் அவித்த நாட்களில் விடியப்புறம் தொடங்கி மத்தியானம் வரை அந்தப் புகைக்குள்ளேயே நிற்பார். இருமலை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, முட்டு வருத்தம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிறகு காஸ் அடுப்பு வந்தது, கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 2022இல் நாடு முழுக்கக் காஸ் இல்லாமல் போனதே, அப்போது மறுபடியும் விறகு. அந்த வருடம்தான் அவரை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தது. உதடு நீலம். கதைக்க முடியாமல் கையால் காட்டினார்.

உயிர் தப்பி வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். மகன்மார் இருவரும் அம்மாவைக் கதிரையில் இருத்தினார்கள். கிணற்றடிக்குப் போகக்கூடாது, கூட்டக்கூடாது, கோழிக்குத் தீன் போடவும் எழும்பக்கூடாது. அவ்வளவும் பாசம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று நான்கு மாதத்துக்குள் கதிரையிலிருந்து கக்கூஸ் வரை நடக்கவே அக்காவுக்கு இளைப்பு வந்தது. சுவாசப்பை அந்தளவுக்குக் கெட்டுப்போனதா என்று டொக்டர் ஊதிப்பார்க்கும் சோதனை எடுத்தார். எண்கள் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தன. கெட்டுப்போனது கால்.

உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில் இதை உனக்குச் சொல்கிறேன், நீ வகுப்பில் பின்வாங்கில் நித்திரை கொண்டவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இளைக்கிறது என்று நடக்காமல் விட்டால் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசை கொஞ்ச வேலைக்கே களைத்து லக்டிக் அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்கும். அந்த அமிலத்தால் உடம்பில் காபனீரொட்சைட்டு கூடும், அதை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டி வரும். வேகமாக விட்டால் உங்களைப் போன்றவர்களின் சுருங்கிய குழாய்களால் உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாது. பழைய காற்று தேங்கி நிற்கும்போது புதுக் காற்றுக்கு இடமேது? இன்னும் இளைக்கும், பயம் வரும், அதற்கடுத்த நாள் இன்னும் குறைவாக நடப்பாய். இப்படியே போனால் கடைசியில் கட்டில்தான் மிச்சம். உன் கட்டில் இப்போதே கீழே வந்துவிட்டது.

செத்த சுவாசப்பையை எந்தப் பயிற்சியும் உயிர்ப்பிக்காது, அதை நான் உனக்கு மறைக்கப் போவதில்லை. ஆனால் காலையும் கையையும் திருப்பிப் பலப்படுத்தலாம். பலமான தசை அதே வேலையைக் குறைந்த மூச்சில் செய்து முடிக்கும்.

அக்காவின் அதிர்ஷ்டம், கிளினிக்கில் ஒரு இளம் பிசியோதெரபி மிஸ் கிடைத்தார். அதுவும் எத்தனை தரம் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்று வெறும் மருந்தோடு திரும்பி வந்த பிறகு! இப்படி ஒரு பயிற்சி உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நெஞ்சு வருத்தக்காரர் இத்தனை பேர் இருக்கிற இந்த மாவட்டத்தில் ஏன் இது எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அக்கா தேடிப் போய்ப் பெற்றுக்கொண்டது உன் வீட்டு வாசலுக்குத் தபாலில் வந்திருக்கிறது, நீ வேண்டாம் என்கிறாய்.

அந்த மிஸ் முதலில் செய்தது ஆறு நிமிட நடைச் சோதனை. நீளமான விறாந்தையில் 30 மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்கச் சொன்னார். யாரும் ஓடச் சொல்லவில்லை மச்சான். நின்று இளைப்பாறலாம், சுவரில் சாயலாம். விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவியை மாட்டியிருந்தார். நடந்து முடிந்ததும் 0 முதல் 10 வரை எவ்வளவு இளைக்கிறது என்று கேட்டார். அக்கா பாதி வழியிலேயே நின்று அழுதுவிட்டார். அந்த மிஸ் அவசரப்படுத்தவில்லை. "அழுது முடிச்சிட்டு நடங்க அம்மா, நேரம் கிடக்கு" என்றார்.

மறுகா மூச்சுப் பழக்கம். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து விட வேண்டும். உதடு குவிந்திருந்தால் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தம் நிற்கும், அதனால் அது ஒட்டி மூடாமல் காற்று வெளியே வரும். இதை எப்படி விளக்கியும் அக்காவுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மிஸ், "ஊதாங்குழல் ஊதுவீங்களே, அது மாதிரி, ஆனா நெருப்பு எழும்பக்கூடாது, அவ்வளவு மெதுவா" என்றார். உடனே சரியாகச் செய்தார். எந்த ஊதல் அவருடைய மூச்சைக் கெடுத்ததோ அதே ஊதலே இன்று அவரைக் காப்பாற்றுகிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

மருந்தை வாய்க்குள் அடித்து இழுக்கும் பம்பை அடிக்கும் முறையையும் மிஸ்தான் திருத்தினார். அவ்வளவு காலமும் மருந்தில் பாதி நாக்கில்தான் விழுந்திருக்கிறது. பம்பின் வாயில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தி, மெதுவாக இழுத்து, முடிந்தால் பத்து செக்கன் மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும், ஸ்டீரொயிட் பம்ப் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நீ எப்படி அடிக்கிறாய் என்று யாருக்காவது செய்து காட்டினாயா? முதல் வேலையாகக் காட்டு.

பயிற்சி என்றால் ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைக்காதே. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது. ஒரு படியில் ஏறி இறங்குவது. தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்து உயர்த்துவது, ஏனென்றால் தலை சீவவும் உடுப்புக் காயப்போடவும் கை தூக்கும்போதுதான் இந்த நோயாளிகளுக்குக் கூடுதலாக இளைக்கும். அப்புறம் நடை. இளைப்பு அந்த 10இல் 3, 4 வரை வரலாம், வரத்தான் வேண்டும், அப்போதுதான் தசை பலப்படும். அதற்கு மேலே போனால் நின்று, குனிந்து எதிலாவது கை ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதி, அடங்கிய பிறகு தொடர வேண்டும். இளைப்பு வேறு, ஆபத்து வேறு என்று அக்கா படித்துக்கொண்டதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்பேன். முன்பெல்லாம் லேசாக இளைத்தாலே சாகப்போகிறேன் என்று பயந்து, அந்தப் பயத்தாலேயே இன்னும் இளைக்கும்.

பயிற்சிக் காலத்தில் அக்கா கல்லடியில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். விடியக் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், பழைய பாலத்துக்குக் கூட்டிப்போவேன். 1924இல் கட்டிய நம் லேடி மனிங் பாலம்தான். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போவதால் இங்கே நிம்மதியாக நடக்கலாம். முதலில் பாலத்துக்கு வந்து சேரவே அவருக்குப் பெரும்பாடு. பிறகு கால்வாசி, பிறகு பாதி, கம்பியில் கை ஊன்றி நின்று தோணிக்காரரிடம் என்ன மீன் பட்டது என்று விசாரித்துவிட்டு மீதி. கச்சான் காற்று வீசிய நாட்களில் வெளியே போகாமல் வீட்டு விறாந்தையிலேயே நடந்தார். பயிற்சி முடிந்து அந்த ஆறு நிமிடச் சோதனையைத் திரும்பச் செய்தபோது முன்பைவிடத் தூரம் நன்றாகக் கூடியிருந்தது. 30 மீற்றர் கூடினாலே நோயாளிக்கு நாளாந்த வாழ்க்கையில் வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். ஊதிப்பார்க்கும் சோதனையில் எண் அசையவில்லை. ஆனால் அக்கா இப்போது தானே குளிக்கிறார், தானே உடுப்புத் தோய்க்கிறார், போன பங்குனியில் எனக்குக் கணவாய்க் கறி சமைத்துத் தந்தார், காஸ் அடுப்பில், யன்னலைத் திறந்து வைத்து.

ஒரு கிழவியின் கதையை வைத்து வாத்தியார் பேசுகிறான் என்பாய். சரி, கேள். முன்பு டொக்டர்மாரும் இந்த நோயாளிகளைப் படுத்திருக்கத்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் தோமஸ் பெற்றி என்பவர் 1960களில் அவர்களை எழுப்பி நடக்க வைத்தார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015இல் 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இளைப்பு, களைப்பு, நடக்கும் தூரம், மனநிலை எல்லாவற்றிலும் பயிற்சி எடுத்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம். பயிற்சி கொடுப்பதா விடுவதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இனிமேல் ஆய்வே தேவையில்லை என்று அதன் பதிப்பாசிரியர்கள் எழுதும் அளவுக்கு முடிவு தெளிவாக இருந்தது. உங்கள் நாட்டு மருத்துவ வழிகாட்டலிலும், சமதரையில் வயதொத்தவர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குகிறவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்தக் கடிதம் உன் பெயருக்கு வந்தது அதனால்தான்.

இனி நான் எழுதப் போவதை நீ வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கக்கூடாது.

தங்கச்சி இன்னொன்றும் சொன்னாள். "நானே புகைச்சுத் தேடின வருத்தம், மற்றவங்களின்ர இடத்தை நான் எடுக்கிறது சரியில்லை" என்று நீ ஒரு இரவு சொன்னாயாம். மச்சான், அது என்ன கதை? பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போய், இரவு வேலை, பனிக்குளிர், அறையில் ஆறு பேர், அந்த நாளில் கையில் கிடைத்தது ஒரு சிகரெட். உன் தம்பிமாரை, தங்கச்சிமாரைக் கரை சேர்த்தது அந்த இரவுகள்தான். சிகரெட்டை நீ விட்டுவிட்டாய், இந்த நோய்க்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது, நோய் ஓடும் வேகத்தைக் குறைப்பது முதலில் அதுதான். அதையே செய்து முடித்தவனுக்கு எட்டுக் கிழமை நடப்பது பாரமா? அக்காவுக்கு மூச்சு எவ்வளவு உரிமையோ உனக்கும் அவ்வளவு உரிமை. உனக்குத் தண்டனை தர யாரும் அங்கே காத்திருக்கவில்லை. அந்த மண்டபத்தில் இருக்கப்போகிறவர்கள் எல்லோரும் உன்னைப் போல இளைக்கிறவர்கள்தான். ஒட்சிசன் சிலிண்டரோடு நடக்கிறவர்களும் வருவார்கள். அவர்கள் முன்னால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இங்கிலீசு விளங்காது என்றால் மகளைக் கூட்டிப்போ, அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேள். சும்மா வீட்டில் தனியாகத் தொடங்காதே, முதலில் அவர்கள் உன்னைச் சோதித்து, நடக்கும்போது ஒட்சிசன் இறங்குகிறதா என்று பார்க்கட்டும். முடிந்த பிறகும் விடக்கூடாது. விட்டால் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடுவாய்.

இனிமேல் மட்டக்களப்பைப் பார்க்கக் கிடைக்காது என்றாயாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வா என்று கூப்பிடுகிறேன், வரும் வருடமில்லாவிட்டால் அதற்கடுத்தது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி மலையில் இருப்பது போல் குறையலாம், ஒட்சிசனும் அந்தளவுக்குக் குறையும், ஆகவே பயணத்துக்கு ஒட்சிசன் வேண்டுமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே சோதித்துக்கொள். நெட்டையன் உன்னைக் கேட்டான். வாவியில் யார் முதலில் கரை சேர்ந்தது என்ற வழக்கை நீ வந்துதான் முடிக்க வேண்டுமாம்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய திகதி தாண்டியிருந்தால் ஜீபியிடம், அதுதான் உன் குடும்ப டொக்டரிடம், திரும்பக் கேள், மறுபடியும் அனுப்புவார்கள். திங்கட்கிழமையே போன் பண்ணு. முதல் வகுப்பு எப்போது என்று எனக்கு எழுது. அக்காவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்,
கல்லடி